நாமக்கல்லில் ஐந்து காசு, தெருக்கடையில் ஐம்பது காசு: முட்டை விலை ஏற்றமும் வாங்கும் இடமும்

2025 நவம்பரில் நாமக்கல் மண்டலத்தில் முட்டையின் பண்ணைக் கொள்முதல் விலை முதல்முறையாக 6 ரூபாயைத் தாண்டியது. அதற்கு முந்தைய உச்சங்கள், 2023 ஜனவரியில் 5.65 ரூபாயும் 2024 டிசம்பரில் 5.90 ரூபாயும். மூன்றுமே குளிர்கால உச்சங்கள். மூன்று முறையும் பத்திரிகைகள் ‘வரலாறு காணாத விலை’ என்று எழுதின, வாடிக்கையாளர்கள் கடைக்காரரிடம் சலித்துக்கொண்டார்கள், கடைக்காரர் நாமக்கல்லைக் கைகாட்டினார்.

நாமக்கல் விலை ஐந்து காசு, பத்து காசாகத்தான் நகரும். தெருக்கடையிலோ அது ஐம்பது காசு, ஒரு ரூபாய் என்று தாவுகிறது. பண்ணை வாசலிலிருந்து அடுப்படி வரை அந்த முட்டை வரும் வழியில் எந்த இடத்தில் எவ்வளவு சேர்கிறது, எந்தக் கடையில் எந்த அளவில் வாங்கினால் எவ்வளவு மிஞ்சும் என்பதை ஒவ்வொரு கட்டமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பண்ணை விலைகள் மேலே சொன்ன உண்மை விலைகளை ஒட்டியவை. வண்டி வாடகை, கடை லாபம் போன்றவை ஊருக்கு ஊர் மாறும். அவற்றைக் கணக்குப் புரிவதற்கான மாதிரி எண்களாக எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் எண்ணை அந்த இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை பிறக்கும் இடம்

தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அதாவது என்இசிசி, 1982-இல் தொடங்கியது. வியாபாரி சொன்னதே விலை என்றிருந்த காலத்தில், பண்ணையாளர்கள் தங்கள் விலையைத் தாங்களே சொல்ல வேண்டும் என்று பி.வி. ராவ் எடுத்த முயற்சியில் உருவான அமைப்பு அது. நாமக்கல், ஐதராபாத், ஹரியாணாவின் பர்வாலா என்று உற்பத்தி மண்டலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை அறிவிக்கிறார்கள். சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற நுகர்வு நகரங்களுக்கும் தனி விலை உண்டு. அறிவிப்பு நூறு முட்டைக் கணக்கில் வரும். ‘605’ என்றால் ஒரு முட்டை 6 ரூபாய் 5 காசு.

இது பரிந்துரை விலை மட்டுமே. சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. தேக்கம் இருக்கும் நாட்களில் வியாபாரி ‘மைனஸ்’ கேட்பார். அறிவிப்பு 450 என்றால் அதில் 30 காசு மைனஸ் போட்டு 4.20-க்குத்தான் எடுப்பேன் என்பார். முட்டை நாளைக்கும் வரும், மறுநாளும் வரும், பண்ணையில் அடுக்கி வைக்க இடமில்லை. அதனால் பண்ணையாளர் கொடுத்துவிடுவார். தட்டுப்பாடு நாட்களில் மைனஸ் தானாக மறைந்துவிடும். ஆகவே அறிவிப்பு விலை 450-இலிருந்து 500-க்கு ஏறும்போது வியாபாரியின் அடக்கவிலை ஐம்பது காசோடு நிற்பதில்லை. மைனஸும் சேர்ந்து போய்விடுவதால் எண்பது காசு ஏறிவிடுகிறது. பத்திரிகையில் அறிவிப்பு விலை மட்டும் வரும். ‘ஐம்பது காசுதானே ஏறியிருக்கிறது, கடையில் ஏன் இவ்வளவு?’ என்ற கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இங்கே இருக்கிறது.

ஏன் ஏறியது: தீவனத்தைக் குறை சொல்லும் முன்

முட்டை விலை ஏறினாலே ‘தீவன விலை ஏறிவிட்டது’ என்று சொல்லிவிடுகிறோம். 2025 நவம்பருக்கு அந்த விளக்கம் பொருந்தாது. அதே மாதத்தில்தான் கர்நாடகத்தில் மக்காச்சோள விவசாயிகள் விலை சரிந்துவிட்டது என்று போராடிக்கொண்டிருந்தார்கள். மத்திய அரசின் ஆதார விலை குவின்டாலுக்கு 2,400 ரூபாய், சந்தையில் அதைவிடக் குறைத்துக் கேட்டார்கள். கோழித் தீவனத்தில் பாதிக்குக் குறையாமல் இருப்பது மக்காச்சோளம். அது மலிந்திருந்த மாதத்தில் முட்டை உச்சத்துக்குப் போனது.

தீவனத்தின் பங்கு என்ன என்பதைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. கூண்டில் முட்டையிடும் ஒரு வெள்ளை லெகார்ன் வகைக் கோழி நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். தீவனம் கிலோ 28 ரூபாய் என்று வைத்தால் 3.08 ரூபாய். நூறு கோழிக்கு 85 முட்டை வீதம் இட்டால், முட்டைக்குத் தீவனச் செலவு 3.62 ரூபாய். மொத்தச் செலவில் தீவனம் முக்கால் பங்கு என்று கொண்டால், குஞ்சு வளர்ப்பு, மருந்து, கூலி, மின்சாரம், வட்டி எல்லாம் சேர்ந்து அடக்கவிலை 4.80 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். தீவனம் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் முட்டைக்கு 13 காசு கூடும்.

ஆக, முட்டை விலை எதற்குக் கீழே போனால் பண்ணையாளர் தாங்கமாட்டார் என்பதைத்தான் தீவனம் சொல்கிறது. எவ்வளவு உயரப் போகும் என்பதைச் சொல்வது கோழிகளின் எண்ணிக்கையும் காலண்டரும்.

எண்ணிக்கையை அவசரத்துக்குக் கூட்ட முடியாது. இன்று விலை நன்றாக இருக்கிறதே என்று ஒரு நாள் குஞ்சை இறக்கினால், அது முதல் முட்டை இட 18, 19 வாரம் ஆகும். 26 வாரத்துக்கு மேல்தான் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டி இடும். அதாவது ஐப்பசியில் வரவேண்டிய கூடுதல் முட்டைக்குச் சித்திரை, வைகாசியிலேயே குஞ்சு இறக்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த மாதங்களில்தான் பெரும்பாலும் விலை தரைதட்டும். பள்ளி விடுமுறை, அதனால் சத்துணவுக் கொள்முதல் நின்றிருக்கும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வாரம் 5 முட்டை 2010 முதல் கொடுக்கிறார்கள், அது நிற்பது சின்ன விஷயமில்லை. வெயிலில் வீடுகளிலும் முட்டை குறைத்துத்தான் சாப்பிடுவார்கள். அடக்கவிலைக்கும் கீழே விற்கும் பண்ணையாளர் புதுக் குஞ்சு இறக்கத் தயங்குவார், முற்றிய கோழியை நாலு வாரம் முன்னதாகவே கறிக்கு அனுப்பிவிடுவார். அந்த முடிவின் பலன் ஐந்தாறு மாதம் கழித்து நம் கடைப் பலகையில் தெரிகிறது.

காலண்டர் கணக்கும் எளிதுதான். புரட்டாசியில் தமிழ்நாட்டில் விற்பனை படுக்கும். ஐப்பசியில் மீளும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் மாலை போடுவதால் தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா எங்கும் ஒரு பகுதி வீடுகளில் முட்டை நிற்கும். ஆனால் அதே சமயம் வடக்கே குளிர் இறங்கி அங்கே முட்டைத் தேவை பொங்கிவிடும். கேரளத்தில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு பேக்கரிகள் பெட்டி பெட்டியாக எடுக்கும். வடக்கு மண்டலங்களில் விலை ஏறினால் தெற்கிலிருந்தும் லாரி அங்கே திரும்பும். மாலை போட்டதால் குறைவது ஒரு பக்கம், குளிரால் கூடுவது ஒரு பக்கம். இரண்டாவது கனமானது என்பதற்கு மூன்று உச்சங்களும் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வந்ததே போதிய சாட்சி.

அமெரிக்காவில் 2025-இல் நடந்தது வேறு கதை. பறவைக் காய்ச்சலால் அங்கே முட்டைக்கோழிகளே கோடிக்கணக்கில் அழிந்தன. 2025 மார்ச்சில் ஒரு டஜனின் சராசரிச் சில்லறை விலை 6.23 டாலர் வரை போனது, ஆளுக்கு இத்தனை பெட்டிதான் என்று கடைகள் அளந்து கொடுத்தன. அந்தக் கோடையில் நாமக்கல்லிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலில் முட்டை போனது. ஆனால் நாளுக்குக் கோடிக்கணக்கில் உற்பத்தியாகும் மண்டலத்தில் அந்த ஏற்றுமதி ஒரு சிறு துளி. நம் ஊர் விலையை அது தூக்கிவிட்டது என்று சொல்வது பொருந்தாது.

பெட்டியிலிருந்து பலகை வரை

பண்ணையில் முட்டை 30 குழி கொண்ட அட்டையில் அடுக்கப்படும். ஏழு அட்டை சேர்ந்தால் ஒரு பெட்டி, 210 முட்டை. கூர் முனை கீழே, அகன்ற முனை மேலே. அகன்ற முனையில்தான் காற்றறை இருக்கிறது. தலைகீழாக அடுக்கினால் காற்றறை மேலே நகரப் பார்க்கும், கருவும் அசையும், சீக்கிரம் கெடும்.

பண்ணை விலை 6.05 என்றால் பெட்டி 1,270 ரூபாய் 50 காசு. ஏற்றுக்கூலி, லாரி வாடகை, வழியில் உடைவது, நகரத்து மொத்த வியாபாரியின் பங்கு, அங்கிருந்து தெருத்தெருவாகப் போடும் லைன் வண்டியின் பங்கு எல்லாம் சேர்த்து முட்டைக்கு 40 காசு என்று வைப்போம். தெருக்கடைக்காரரின் கையில் வரும்போது முட்டை 6.45, ஒரு அட்டை 193.50.

அவர் 7 ரூபாய்க்கு விற்றால் அட்டைக்கு 210. லாபம் 16.50. ஒரு முட்டை உடைந்தால் 9.50. இரண்டு உடைந்தால் 2.50. மூன்று உடைந்தால் கையிலிருந்து 4.50 போகும். வாடிக்கையாளர் பொறுக்கி எடுக்கும்போது ஒன்று, பையில் போடும்போது ஒன்று என்று அட்டைக்கு இரண்டு போவது சாதாரணம். மழைக்காலத்தில் காகித அட்டை ஈரத்தில் ஊறித் தொய்ந்துவிட்டால் அடி அட்டையில் நாலைந்துகூடப் போகும்.

இதே கணக்கைப் பண்ணை விலை 5.60-ஆக இருந்தபோது போட்டுப் பாருங்கள். கடைக்கு 6.00, அட்டை 180. விற்பது 6.50, வரவு 195. லாபம் 15, ஒன்று உடைந்தால் 8.50, இரண்டு உடைந்தால் 2. ஏதோ ஓடும். இப்போது பண்ணை விலை 15 காசு மட்டும் ஏறி 5.75 ஆகிறது. கடைக்கு 6.15, அட்டை 184.50. அதே 6.50-க்கு விற்றால் லாபம் 10.50. ஒன்று உடைந்தால் 4, இரண்டு உடைந்தால் இரண்டரை ரூபாய் நஷ்டம். கடைக்காரர் என்ன செய்வார்? 6.65 என்று விலை எழுத முடியாது. சில்லறை யாரிடமும் இல்லை, வாங்குகிறவரும் ஒத்துக்கொள்ள மாட்டார். பலகையில் 7 என்று எழுதிவிடுவார். லாபம் 25.50 ஆகிவிடும்.

தலைப்பில் சொன்ன தாவல் நடப்பது இங்கேதான். பண்ணை விலை 5.65, 5.70 என்று ஏறும்போது கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு 6.50-இலேயே நிற்பார். ஏதோ ஒரு ஐந்து காசு ஏற்றத்தில் தாங்க முடியாமல் போகும், அன்று ஐம்பது காசு ஏறும். அது பெரும்பாலும் எந்தச் செய்தியும் வராத சாதாரண நாளாக இருக்கும். அதன் பிறகு 5.80, 5.90, 6.05 என்று பண்ணை விலை ஏறி, ‘வரலாறு காணாத உச்சம்’ என்று செய்தி வரும் நாளில் அந்தக் கடையில் விலை அதே 7-ஆகத்தான் இருக்கும். அன்றைக்குச் செய்தியைப் பார்த்துக் கடைக்காரரைக் கடிந்துகொள்வது பொருத்தமில்லாத கோபம். அவர் லாபம் அப்போது மறுபடியும் 16-க்கு இறங்கியிருக்கிறது.

கோபப்பட வேண்டிய நாள் வேறு. விலை இறங்கும்போது எந்தச் செய்தியும் வராது. 6.05-இலிருந்து 5.60-க்குத் திரும்பி வந்த பிறகும் பலகையில் 7 நிற்கும். அட்டைக்கு 30 ரூபாய் லாபம், இரண்டு உடைந்தாலும் 16. எதிர்க்கடைக்காரர் 6.50 என்று எழுதும்வரை அது அப்படியே நிற்கும். ஏறும்போது செலவைப் பார்த்து ஏறுகிறது, இறங்கும்போது போட்டியைப் பார்த்து இறங்குகிறது. ஒரே ஒரு மளிகைக்கடை இருக்கும் தெருவில் குடியிருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

எங்கே வாங்குகிறோம்

தெருக்கடையில் சில்லறையாக இரண்டு, மூன்று வாங்குவது அட்டையாக வாங்குவதைவிட விலை கூடுதல். ஆனாலும் தமிழ்நாட்டில் ஏராளமான வீடுகள் இப்படித்தான் வாங்குகின்றன, அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அன்றன்றைக்கு வேண்டியதை வாங்குவதே சரி. கடையில் முட்டை சீக்கிரம் விற்றுப்போவதால் பெரும்பாலும் புதிதாகவும் இருக்கும். கணக்கு எழுதி மாதக் கடைசியில் கொடுக்கும் வசதியும் அங்கே மட்டும்தான்.

முட்டை மொத்தக் கடை என்று ஒவ்வொரு ஊரிலும் ஒன்றிரண்டு இருக்கும், பெரும்பாலும் மார்க்கெட்டை ஒட்டி. ஓட்டல்காரர்களும் முட்டை புரோட்டாக் கடைக்காரர்களும் அங்கேதான் எடுப்பார்கள். அட்டையாக வாங்கினால் வீடுகளுக்கும் கிட்டத்தட்ட கடைக்காரர் அடக்கத்துக்கே கிடைக்கும். மாதிரிக் கணக்கில் 6.50 வைத்து அட்டை 195. தெருக்கடையில் 210. பதினைந்து ரூபாய் மிச்சம். இங்கே விலை நாமக்கல் அறிவிப்பை ஒட்டியே ஏறும், ஒட்டியே இறங்கும். ஓட்டல்காரர்கள் கைப்பேசியில் அறிவிப்பு விலையைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள், அவர்களிடம் பழைய விலை சொல்ல முடியாது. விலை இறங்கும் வாரங்களில் தெருக்கடைக்கும் மொத்தக் கடைக்கும் இடைவெளி அதிகமாக இருக்கும், ஏறும் வாரங்களில் குறைவாக இருக்கும். அட்டை வாங்க மொத்தக் கடைக்கு நடப்பதென்றால் இறங்கும் வாரத்தில் நடப்பதே லாபம்.

ஆனால் அந்தப் பதினைந்து ரூபாய் எளிதில் கரையும். அட்டையில் இரண்டு முட்டை கெட்டாலோ உடைந்தாலோ 13 ரூபாய் போய்விடும், மூன்று என்றால் நஷ்டம். நாளுக்கு இரண்டு முட்டை செலவாகும் வீட்டில் ஒரு அட்டை பதினைந்து நாள் வரும். குளிரில் வைத்தால் நாலு வாரம்கூடத் தாங்கும், வெளியில் நம் ஊர் வெயிலில் ஒரு வாரம், பத்து நாளுக்கு மேல் நம்பக்கூடாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டோடு ஒரு அட்டையைப் பிரித்துக்கொள்வது நல்ல வழி.

சூப்பர் மார்க்கெட்டிலும் வீட்டுக்குக் கொண்டுவரும் ஆப்களிலும் 6, 12, 30 என்று அடைத்து வருகிறது. உடைசல் குறைவு, பேக் செய்த தேதி இருக்கும், ஆறு முட்டைப் பெட்டியில் முட்டைக்கு விலை கூடுதல். அச்சிட்ட அதிகபட்ச விலைக்கும் அன்றைய தள்ளுபடி விலைக்கும் இடையில் ஓடுவதால், பண்ணை விலை ஏறும்போது இவர்கள் தள்ளுபடியைக் குறைப்பார்கள், அச்சு விலை மாறாது. அதனால் ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஆப்பில் வாங்குபவர்கள் டெலிவரிக் கட்டணம், கையாளும் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி முட்டை எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆறு முட்டை மட்டும் தனியாக வரவழைத்தால் கட்டணமே முட்டைக்கு இரண்டு மூன்று ரூபாய் ஆகிவிடலாம். வேறு சாமானோடு சேர்த்து முப்பதாக வாங்கினால் சில நாட்களில் மொத்தக் கடையைவிடக்கூட மலிவாக விழும்.

நாமக்கல், ராசிபுரம், பரமத்திவேலூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பண்ணை வாசலும் ஒரு கடைதான். அங்கே புதுக் கோழிகள் இடும் சிறுமுட்டையும், ஓடு லேசாகக் கீறிய முட்டையும் தனி விலைக்குக் கிடைக்கும். சிறுமுட்டை நல்ல முட்டை, எடைதான் குறைவு. கீறல் முட்டையை அன்றைக்கே வேகவைத்துத் தீர்த்துவிட வேண்டும். உட்சவ்வும் கிழிந்து ஒழுகும் முட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக்குள் வரக்கூடாது. அரைவேக்காடு, கலக்கி, ஆஃப்பாயில் எதற்கும் கீறல் முட்டை ஆகாது.

எண்ணுவதா, நிறுப்பதா

இந்த ஆய்வில் நாங்கள் அதிகம் வலியுறுத்த விரும்புவது எடையைத்தான். முட்டையை எண்ணி விற்கிறார்கள், எண்ணி வாங்குகிறோம். ஆனால் நாம் தின்பது எடையை. அக்மார்க் தரப்படி 38 முதல் 44 கிராம் சிறியது, 45 முதல் 52 நடுத்தரம், 53 முதல் 59 பெரியது, 60-க்கு மேல் மிகப் பெரியது. ஒரு கடையில் 6.50-க்கு 44 கிராம் முட்டை, இன்னொன்றில் 7 ரூபாய்க்கு 52 கிராம் முட்டை. முதலாவது நூறு கிராம் 14.77 ரூபாய், இரண்டாவது 13.46. ஐம்பது காசு மலிவு என்று நினைத்து வாங்கியதுதான் கூடுதல் விலை.

அட்டையாக வாங்கும்போது தராசில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலான கடையில் தராசு இருக்கும். வெறும் காகித அட்டை ஒன்றையும் தனியாக நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். முட்டை மட்டும் ஒன்றரைக் கிலோ வந்தால் சராசரி 50 கிராம். 1.35 கிலோதான் வருகிறதென்றால் சராசரி 45, அதற்குப் பத்து சதவீதம் விலை குறைத்துத்தான் கேட்க வேண்டும்.

வெயில் காலத்தில் எடை தானாகவே குறையும். வெப்பத்தில் கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், இளைக்கும் மூச்சில் உடம்பின் சுண்ணாம்புச் சமநிலையும் கெடும். முட்டை சிறுக்கும், ஓடு மெலியும். குளிர்கால உச்சத்தில் வேறொன்று நடக்கிறது. நல்ல விலை கிடைப்பதால் முற்றிய கோழிகளைப் பண்ணையாளர் கூடுதலாகச் சில வாரம் வைத்திருப்பார். வயதான கோழி பெரிய முட்டை இடும். ஓட்டுக்கான சுண்ணாம்பை அதே அளவில்தான் கொடுக்கும் என்பதால், பெரிய பரப்பில் அது பரவி ஓடு மெலிந்திருக்கும். அதனால் விலை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் பெரிய முட்டை கிடைக்கும், உடைசலும் கூடும். கடைக்காரர் உடைசலுக்குப் பயந்து விலையைச் சட்டென்று ஏற்றுவதில் இதற்கும் பங்கு உண்டு.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

மொத்தக் கடையில் பழகியவர்கள் முட்டையைப் பார்ப்பதற்கு முன் கேட்பார்கள். இரண்டு முட்டையை ஒரு கையில் எடுத்து விரல்களால் உருட்டி, ஒன்றோடு ஒன்று மெல்லத் தட்டவிட்டால் நல்ல முட்டை கூழாங்கல் போலக் கணீரென்று ஒலிக்கும். மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஒலி சொத்தையாக, உடைந்த பானையைத் தட்டியது போல வரும். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது பிடித்துவிடும். இரண்டு நாள் பழகினால் யாருக்கும் வரும்.

வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சின் மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக ஒளி பரவும். மேலே காற்றறை ஒரு வட்டமாகத் தெரியும். அதன் ஆழம் மூன்று நாலு மில்லிமீட்டருக்குள் இருந்தால் புதிது. நாளாக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி அந்த வட்டம் பெரிதாகும். முட்டையைச் சற்றே திருப்பும்போது மஞ்சள் கருவின் நிழல் மெதுவாக, மங்கலாக நகர்ந்தால் வெள்ளைக்கரு கெட்டியாக இருக்கிறது. நிழல் கூர்மையாகத் தெரிந்து விரைவாகச் சுழன்றால் பழையது. தண்ணீரில் போட்டுப் பார்ப்பதும் இதே காற்றறைக் கணக்குதான். படுத்தால் புதிது, நிமிர்ந்து நின்றால் பழையது ஆனால் வேகவைத்துச் சாப்பிடலாம், மிதந்தால் வேண்டாம்.

வாங்கிவந்ததும் மொத்தமாகக் கழுவி அடுக்குவது பலரும் செய்யும் தவறு. முட்டையின் மேல் இயற்கையாக ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, துளைகளை அதுதான் அடைத்து வைத்திருக்கிறது. கழுவினால் அது போய்விடும். போதாததற்கு, குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் உள்ளிருப்பது சுருங்கி, ஓட்டின் மேலுள்ள அழுக்கைத் துளை வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள், சமைக்கும் நேரத்தில் கழுவிக்கொள்ளலாம்.

குளிரில் வைத்த முட்டையை வெளியே எடுத்து வைத்தால் வியர்க்கும். அந்த ஈரமும் கிருமிக்கு வழி. எடுத்ததைத் திரும்ப உள்ளே வைக்காமல் சமைத்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் முட்டைக்கென்று குழி வைத்திருந்தாலும், திறக்கும்போதெல்லாம் அனல் படுவது அங்கேதான். உள்தட்டே நல்லது. கடையிலிருந்து வந்த காகித அட்டை ஈரமாகவோ பூசணம் பிடித்தோ இருந்தால் அதோடு உள்ளே வைக்காதீர்கள். அந்தப் பூசணம் ஓட்டில் தொற்றி உள்ளே கருப்புப் புள்ளியாக வரும்.

நாட்டு முட்டை என்ற பெயரில்

வெள்ளை முட்டை விலை ஏறும்போதெல்லாம் ‘இதற்கு இன்னும் கொஞ்சம் போட்டு நாட்டு முட்டையே வாங்கலாமே’ என்ற எண்ணம் வரும். உண்மையான நாட்டு முட்டை 35 முதல் 45 கிராம்தான் இருக்கும், விலை இரண்டு மூன்று மடங்கு. கிராமுக்குக் கணக்கிட்டால் வித்தியாசம் இன்னும் கூடும். சுவைக்காகவும், வீட்டில் கோழி வளர்ப்பவரை ஆதரிக்கவும் வாங்கலாம். புரதத்துக்காக என்றால் வெள்ளை முட்டையே போதும். ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது, சத்தை அது காட்டாது.

இங்கே ஏமாற்றும் நடக்கிறது. வெள்ளைச் சிறுமுட்டையை டீத்தூள் டிகாக்‌ஷனில் ஊறவைத்து நிறமேற்றி நாட்டு முட்டை என்று விற்பதுண்டு. அளவெடுத்தது போல எல்லாம் ஒரே உருவில், ஒரே நிறத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். நாட்டுக்கோழி முட்டைகள் ஒரு கூடையிலேயே வெளிர், சந்தனம், பழுப்பு என்று கலந்துதான் இருக்கும், அளவும் ஒன்றுபோல் இராது. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் சாயம் துணியில் ஏறும். உடைத்துப் பார்க்கும்போது ஓட்டின் உள்சவ்வில் திட்டுத்திட்டாகப் பழுப்பு இறங்கியிருந்தால் அது சாயம்தான். பண்ணையில் வளரும் பழுப்பு முட்டைக்கோழிகளும் உண்டு. அவற்றின் முட்டை சாயமும் இல்லை, நாட்டு முட்டையும் இல்லை. அதற்கு நாட்டு முட்டை விலை கொடுக்கத் தேவையில்லை.

தெருக்கடைக்காரர் செய்யக்கூடியது

ஐம்பது காசுத் தாவலுக்குக் காரணம் பேராசை இல்லை, சில்லறை இல்லாமைதான் என்பதைக் கணக்கில் பார்த்தோம். அதற்கு மாற்று உண்டு. ஒற்றை முட்டை விலையோடு பத்து முட்டை விலையையும் பலகையில் எழுதலாம். கடைக்கு 6.15 விழும் நாளில் ஒன்று 7, பத்து 66 என்று போட்டால், பத்துக்கு நாலரை ரூபாய் கிடைக்கும். வாங்குபவருக்கும் நாலு ரூபாய் மிச்சம். பண்ணை விலை ஐந்து காசு ஏறினால் பத்தின் விலை ஐம்பது காசுதான் ஏற வேண்டும். இரண்டு முறை ஏறியதும் 67 என்று மாற்றினால் போதும். இறங்கும்போதும் அதேபோல ஒவ்வொரு ரூபாயாக இறக்கலாம். பத்தாக எடுப்பவர் பொறுக்கிப் பொறுக்கிப் புரட்ட மாட்டார், உடைசலும் குறையும். க்யூஆர் அட்டை இல்லாத பெட்டிக்கடையே இப்போது அரிது. கைப்பேசியில் பணம் அனுப்புபவருக்கு 6.70 என்பதும் ஒரு விலைதான், அவருக்குச் சில்லறை தேட வேண்டியதில்லை. காலையில் லைன் வண்டிக்காரர் அட்டையை இறக்கும்போது சொல்லும் விலையைப் பலகையின் ஓரத்தில் எழுதி வைக்கும் கடைகளில், விலை ஏன் ஏறியது என்ற வாக்குவாதமே வருவதில்லை.